அரிசி அளவு செம்பு

செவ்வாய், வியாழன், சனி. வாரத்தில் இந்த மூன்று நாளும் காலை ஆறேகாலுக்கு அந்த வெள்ளை வேன் தெருமுனையில் வந்து நிற்கும். ஏழு பேர் ஏறுவார்கள். ஏழு பேருக்கும் சிறுநீரகம் வேலையை விட்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் நான்கு மணி நேரம் படுத்திருந்தால் மிஷின் அந்த வேலையைச் செய்து அனுப்பும். வண்டி ஓட்டுகிறவனுக்கு அவர்கள் வைத்த பெயர் நிதானம். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தே கை ஓய்ந்து போனாலும் நாற்பதுக்கு மேல் முள் ஏறாது. “ஆஸ்பத்திரிக்குப் போறவங்களை ஏத்திட்டுப் போறேன். ஆஸ்பத்திரியில சேக்கிற மாதிரி ஓட்டக் கூடாதுல்ல” என்பான்.

முன்சீட்டில் அவன் மனைவி. கைகொடுத்து ஏற்றுவது, படியில் கால் வைக்க முடியாதவர்களுக்கு மரப்பெட்டியை எடுத்துப் போடுவது, யாருக்காவது குமட்டினால் முதுகைத் தடவுவது எல்லாம் அவள் பொறுப்பு. திரும்பும்போது பிளாஸ்கைத் திறந்து ஆளுக்கு ஒரு ஐஸ்கட்டி கொடுப்பாள். தண்ணீரை அளந்து குடிக்க வேண்டியவர்கள் அவர்கள். ஒரு கட்டியை வாயில் ஒதுக்கிக்கொண்டால் பாதி வழிக்குத் தாகம் தெரியாது. “எனக்குப் பெரிய கட்டியா பாத்துக் குடும்மா. நான் இங்க சீனியர்” என்று கணக்கு டீச்சர் ஒவ்வொரு முறையும் சொல்வார். பதினோரு வருஷமாக மிஷினுக்குப் போகிறவர்.

மிஷினிலிருந்து எழுந்து வருகிறவர்களுக்கு நல்ல வெயிலிலும் குளிரும். போன குளிர்காலத் தொடக்கத்தில், ஏழு பேரில் ஒருவரான டெய்லர் இரண்டு போர்வைக்குள் பல் கிட்டிக்கொண்டு வந்ததைக் கண்ணாடியில் பார்த்த நிதானம், உடைத்துப் போட்ட ஒரு வண்டியிலிருந்து ஹீட்டர் வாங்கி வந்து பின்பக்கம் தானே மாட்டினான். எஞ்சினிலிருந்து இரண்டு குழாய் இழுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வண்டிக்கடியில் கிடந்தான். அதன்பின் பின்சீட்டுக்குப் போட்டி வந்துவிட்டது.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த வண்டிக்குத்தான் கண்டம் வந்தது. ஆஸ்பத்திரி இருப்பது ஒரு மேட்டின் மேல். மூன்று மாதமாக, பாதி ஏற்றத்தில் ஸ்டியரிங்குக்கு முன்னால் எஞ்சின் கோளாறு என்று காட்டுகிற மஞ்சள் விளக்கு எரியும். அப்புறம் எவ்வளவு மிதித்தாலும் வண்டி நத்தையாக ஊரும். சில நாள் அதுவுமில்லாமல் நின்றுவிடும். அணைத்துப் போட்டுக் கால் மணி நேரம் கழித்து முடுக்கினால், இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற மாதிரி கிளம்பும்.

ஒரு மெக்கானிக் கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்து, டீசல் அழுத்தத்தை அளக்கிற சென்சார் போய்விட்டது என்று புதுசு மாட்டினார். அடுத்தவர் ஆக்ஸிலரேட்டர் மிதியில் இருக்கிற சென்சார் என்றார். மூன்றாமவர் டர்போ காற்றை அளக்கிற சென்சார் என்று அடித்துச் சொன்னார். மூன்றும் புதிதாயின. மேட்டில் வண்டி மட்டும் மாறவில்லை.

மூன்றாவது சென்சாரும் பலிக்காத அன்று நிதானம் தன் நிதானத்தை இழந்தான். வேன் அவன் அண்ணனுடையது. அண்ணன் தச்சுப் பட்டறை வைத்திருப்பவர்; கதவும் ஜன்னலும் ஏற்றிப்போக வைத்திருந்த வண்டியை, தம்பிக்கு ஒரு பிழைப்பாகட்டும் என்று கொடுத்துவிட்டு வேறு சின்ன லாரி எடுத்துக்கொண்டார். நிதானம் நேரே பட்டறைக்குப் போனான். நான்கு ஆட்கள் முன்னால், “கூடப்பிறந்தவன் தலையிலேயே ஓட்டை வண்டியைக் கட்டிட்டியேண்ணே. தெரியாதவன் தலையில கட்டினா பாவம்னு விட்டியோ?” என்று கேட்டுவிட்டான். அண்ணன் ஓடிக்கொண்டிருந்த இழைப்பு மிஷினை அணைத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லாமல் மறுபடி மிஷினைப் போட்டார். அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. ஓரகத்திகள் இருவரும் மட்டும் போனில் பேசிக்கொண்டார்கள், அதுவும் குழந்தைகளின் பரீட்சை பற்றி மட்டும்.

போன வியாழக்கிழமை மேட்டில் நாற்பது நிமிஷம் நின்றார்கள். தூறல் வேறு. ஆஸ்பத்திரியில் டெய்லருடைய மிஷின் அவசரமாக வந்த இன்னொருவருக்குப் போய்விட்டது. நான்கு மணி நேரம் ஓட வேண்டியவருக்கு இரண்டே மணி நேரம்தான் கிடைத்தது. மறுநாள் காலை அவருக்கு மூச்சு முட்டி, மகன் காரில் தூக்கிக்கொண்டு ஓடினான். ஆஸ்பத்திரியில் வண்டிகளைக் கவனிக்கும் அதிகாரி நிதானத்தைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை தாமதமானால் வேறு வண்டி போட்டுவிடுவோம் என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால் நிதானத்துக்குத் திருப்பிப் பேசவும் வழியில்லை.

சனிக்கிழமை எப்படியோ மேட்டைக் கடந்தாகிவிட்டது. மதியம் திரும்பும்போது, வார்டிலிருந்து வெளியே வந்த டெய்லர் மகனுடைய காரை விட்டுவிட்டு வேனை நோக்கி நடந்து வந்தார்.

“அப்பா, கார்ல வாங்கப்பா” என்றான் மகன்.

“உன் கார்ல ஐஸ்கட்டி குடுப்பாங்களா?”

“அந்த வண்டியாலதானேப்பா உங்களுக்கு...”

“இந்த வண்டிதான்டா என்னை ரெண்டு வருஷம் கொண்டுவந்து சேத்திருக்கு. ஒரு நாள் சேக்கலைன்னா கணக்கை அழிச்சிருவியா?” என்று ஏறி உட்கார்ந்தார்.

நிதானம் இறங்கி வந்து அவர் பக்கத்தில் நின்றான். “வேண்டாங்க. நானே வண்டியை விட்டுடலாம்னு இருக்கேன். நீங்க வேற ஏற்பாடு பண்ணிக்கோங்க.”

டெய்லர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். “விடுறது அப்புறம். டயர்க் கடை சந்துல ஒரு அம்மா இருக்காங்க. மீட்டரக்கான்னு கேளு, யாரும் சொல்லுவாங்க. ஒயரைத் தவிர எதையும் தொடமாட்டாங்க. இத்தனை பேருகிட்ட காட்டினியே, ஒயரை யாராவது பாத்தாங்களா?”

யாரும் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மீட்டரக்காவின் தகரக் கொட்டகை முன்னால் வேன் நின்றது. இரவு பெய்த மழையில் கூரை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. சுவரெல்லாம் ஆணி, ஆணியெல்லாம் நிறம் நிறமாக ஒயர்ச் சுருள்கள். மீட்டரக்காவுக்கு ஐம்பது இருக்கும். வண்டிகளுக்கு ஒயர்க்கட்டு செய்கிற தொழிற்சாலையில் பதினாறு வருஷம் நின்றவர். அது மூடியபோது மற்றவர்கள் தையல் கம்பெனிக்குப் போனார்கள். இவர் கரண்டை அளக்கிற ஒரு மீட்டரும் ஈயம் பற்றவைக்கிற கோலும் வாங்கிக்கொண்டு இங்கே வந்து உட்கார்ந்துவிட்டார். கழுத்தில் கயிறு கட்டி மீட்டர் தொங்கும். குளிக்கும்போது கழற்றுவாரா என்று டயர்க் கடைக்காரருக்கு நெடுநாள் சந்தேகம்.

நிதானம் கதையைச் சொன்னான். பழைய சென்சார்கள் மூன்றையும் ஒரு பையில் கொண்டுவந்திருந்தான். அக்கா பையைப் பிரிக்கவே இல்லை.

“எப்ப வருது?”

“எப்ப வேணாலும் வரும்க்கா. சனியன், அதுக்கு நேரம் காலமே கிடையாது.”

“எப்ப வேணாலும் வராதுங்க” என்றாள் மனைவி.

“நீ சும்மா இரு. உனக்கு என்ன தெரியும்?”

மீட்டரக்கா திரும்பி அவளைப் பார்த்தார். “நீ சொல்லும்மா.”

அவள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு விரல் விட்டு எண்ணுகிற மாதிரி சொன்னாள். “சமதரையில வந்ததே இல்லக்கா. காலியா வரும்போதும் வராது. ஏழு பேரும் இருக்கணும், மேடா இருக்கணும், ரெண்டாவது கியர்ல இருக்கணும். கியர் போட்டதும் வண்டி ஒரு முக்கு முக்கும் பாருங்க, அப்பதான் லைட்டு எரியும். ஒருநாள் அஞ்சு பேர்தான் வந்தாங்க. அன்னைக்கு வரல.”

“எத்தனை நாளா இதைக் கவனிக்கிற?”

“முதல் நாள்லேர்ந்து. யாரும் கேக்கல.”

நிதானம் கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பார்த்தான்.

மீட்டரக்கா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னார். “இந்த மூணு சென்சாருக்கும் கரண்டு ஒரே இடத்துலேர்ந்து வருதும்மா. அஞ்சு வோல்ட். ஒரு தெருவுல மூணு வீடு, ஒரே தண்ணிக்குழாய்னு வெச்சுக்கோ. தெருக்குழாய் உடைஞ்சா மூணு வீட்லயும் தண்ணி வராது. எந்த வீட்டுக்காரன் முதல்ல கத்துறானோ அவன் பேரைத்தான் கம்ப்யூட்டர் சொல்லும். இவங்க போய் அந்த வீட்டுக் குழாயை மாத்திட்டு வந்திருக்காங்க.”

“அப்ப அந்த சென்சாருங்க?”

“அதுங்க மேல ஒரு குத்தமும் இல்ல.”

பானெட்டைத் திறந்தார். டர்போ சென்சாரின் செருகியில், ஒயரின் பின்பக்கமாக ஊசி மாதிரி ஒன்றை நுழைத்து மீட்டரை மாட்டினார். நிதானம் எஞ்சினை முடுக்கினான். மீட்டரில் ஐந்து. ஆக்ஸிலரேட்டரை மிதித்தான். ஐந்துதான். அக்கா ஒயர்க்கட்டை அங்கங்கே பிடித்து ஆட்டினார். அசையாத ஐந்து.

“பாத்தீங்களா? கடைக்கு வந்தா சமத்தா இருக்கும். டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் போன மாதிரி” என்றான் நிதானம்.

“உன் பொண்டாட்டி சொன்னதை நாம இன்னும் செய்யலையே” என்றார் மீட்டரக்கா. நான்கு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை வைத்தார். “கைபிரேக்கை இழு. கால் பிரேக்கையும் அமுக்கிக்கோ. ரெண்டாவது கியர் போட்டு, கிளட்சை நூல் நூலா விடு. வண்டி போகணும்னு நினைக்கணும், ஆனா போகக் கூடாது. அவ்வளவுதான். அணையற மாதிரி வந்தா திரும்ப மிதிச்சிரு.”

கிளட்ச் பிடித்தது. வண்டி முக்கியது. எஞ்சின் தன் ரப்பர் கால்கள் மேல் மெல்ல ஒருபக்கம் சாய்வது கண்ணுக்கே தெரிந்தது. மீட்டரில் ஐந்து, ஐந்து, ஐந்து. சட்டென்று ஒன்றுக்கும் கீழே விழுந்தது. எஞ்சின் இருமிற்று. மஞ்சள் விளக்கு எரிந்தது.

“வந்துருச்சு!” என்று நிதானத்தின் மனைவி கைதட்டி எழுந்தாள். மூன்று மாதத்தில் அந்த விளக்கைப் பார்த்து யாரும் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. டயர்க் கடைக்காரர் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்.

எஞ்சினை அணைத்தார்கள். அக்கா பேட்டரியைக் கழற்றினார். மூன்று சென்சார்களின் செருகிகளையும், வண்டிக்குள்ளேயே இருக்கிற கம்ப்யூட்டருக்குப் போகிற பெரிய செருகியையும் உருவினார். இப்போது அந்த ஒயர் எதோடும் சேராமல் தனியாக இருக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையை ஒயரிலும் இன்னொன்றை எஞ்சின் இரும்பிலும் வைத்தார். இரண்டும் எங்காவது தொட்டால் மீட்டர் கத்தும். கத்தவில்லை.

“இப்ப எஞ்சினை நெம்பு” என்று ஒரு நீளக் கட்டையை நிதானத்திடம் கொடுத்தார். நெம்பினான். எஞ்சின் விரலளவு சாய்ந்தது. மீட்டர் கீச்சென்றது. விட்டான், நின்றது. நெம்பினான், கீச்.

“அப்படியே பிடிச்சுக்கோ.” அக்கா கையை ஒயர்க்கட்டு வழியாக விட்டுக்கொண்டே போனார். கண் எங்கோ பார்த்தது; பார்வையெல்லாம் விரலுக்குப் போய்விட்ட மாதிரி முகம். எஞ்சினின் பின்பக்கம், வண்டியின் தடுப்புத் தகட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே முழங்கை வரை உள்ளே போனபோது கீச்சுச் சத்தம் விட்டு விட்டு வந்தது.

“கண்ணாடியைக் குடும்மா. டார்ச்சை மேலேர்ந்து அடி.”

பல் டாக்டரிடம் இருப்பது மாதிரி ஒரு குட்டிக் கண்ணாடி. மனைவி டார்ச் அடித்தாள். கண்ணாடிக்குள் ஒரு இரும்புப் பட்டையின் விளிம்பு தெரிந்தது. அதன்மேல் உரசிக்கொண்டு ஒயர்க்கட்டு. மேலே சுற்றியிருந்த உறை தேய்ந்து, உள்ளே ஒரு ஒயரின் தோலும் தேய்ந்து, அரிசி அளவுக்குச் செம்பு பளிச்சென்று மின்னியது.

“இதுதானா?” என்றாள் அவள். “இத்தனூண்டா?”

“இத்தனூண்டுதான். எஞ்சின் முக்கும்போது சாயும். சாஞ்சா செம்பு இரும்பைத் தொடும். உன் ஏழு பேரும் ஏறி உக்காந்தாதான் அது அவ்வளவு தூரம் சாயும்.” மீட்டரக்கா கையை வெளியே எடுத்துத் துடைத்தார். “ஆனா இந்தக் கட்டு இங்க வரவேண்டியதே இல்லையே. ஒரு சாண் மேல கிளிப்புல உக்காந்திருக்கணும். யாரோ கிளிப்பை வெட்டிட்டு, ஒரு குழாயை அந்த வழியா விட்டிருக்காங்க. ஹீட்டர் குழாய் மாதிரி தெரியுது. யார் வேலை இது?”

நிதானம் கட்டையை உருவிக் கீழே வைத்தான்.

“நான்தான்” என்றான்.

கூரை இரண்டு சொட்டு சொட்டியது.

“அவங்களுக்குக் குளிருதுன்னு போட்டேங்க்கா. குழாய்க்கு வழியில்ல. கிளிப்பு ஒண்ணுதானேன்னு...”

“போட்டது தப்பில்லப்பா. வெட்டினதைத் திரும்பக் கட்டணும், அவ்வளவுதான்.” மீட்டரக்கா மறுபடி உள்ளே குனிந்து பார்த்தார். “மத்தபடி சும்மா சொல்லக் கூடாது. வண்டிக்கு வயசாச்சு, ஆனா ஒயரெல்லாம் புதுசு மாதிரி இருக்கு. தேயற இடமெல்லாம் தோல் உறை போட்டு, தச்சுவேலை மாதிரி கட்டியிருக்காங்க. முன்னாடி வெச்சிருந்தவர் நல்லா வெச்சிருந்திருக்கார்.”

“ஆமாங்க்கா” என்றாள் மனைவி. “நல்லா வெச்சிருந்தாரு.”

அவள் கணவனைப் பார்த்துச் சொல்லவில்லை. பார்த்துச் சொல்லியிருந்தால்கூட அவனால் தாங்கியிருக்க முடியும்.

வேலை பிற்பகல் இரண்டு மணி வரை நடந்தது. தேய்ந்த ஒயரை வெட்டி, புதுத்துண்டு வைத்து, முறுக்கிப் பற்றவைத்து, மேலே குழல் மாட்டிச் சூடு காட்டினார் அக்கா. குழல் சுருங்கி ஒயரைக் கவ்விக்கொண்டது. பக்கத்தில் இரண்டு ஒயர்கள் செம்பு தெரியாமல் சிராய்ந்திருந்தன; அவற்றுக்கும் அப்படியே. பிறகு கட்டு முழுவதற்கும் துணி டேப். புதுக் கிளிப். ஹீட்டர் குழாயை மூன்று விரல் தள்ளி வேறு வழியாக எடுத்து, இரும்புப் பட்டையின் விளிம்பை அரம் போட்டு மழுக்கினார்கள். நடுவில் டயர்க் கடைக்காரர் டீயும் ரொட்டியும் வாங்கி வந்தார். கைகழுவ நேரமில்லாமல் அக்கா வாயைத் திறக்க, நிதானத்தின் மனைவி ரொட்டியைத் தோய்த்து ஊட்டினாள்.

மறுபடி பிரேக்கை அமுக்கி, கிளட்சை நூல் நூலாக விட்டதும் வண்டி முக்கியது. ஐந்து. இன்னும் முக்கியது. ஐந்து. மீட்டரக்கா மீட்டரைத் திருப்பி அவளிடம் காட்டினார்.

“பாதி வேலையை நீதான் செஞ்ச. கூலியில பங்கு கேப்பியா?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்துவிட்டது. கிரீஸ் கறையோடு அக்காவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “விடும்மா, கண் எரியும்” என்றார் மீட்டரக்கா.

வண்டி வீட்டுக்குப் போகவில்லை. அவள் கேட்கவுமில்லை. பட்டறைக்குப் பின்னாலேயே அண்ணன் வீடு. அண்ணன் வாசலில் உளி தீட்டிக்கொண்டிருந்தார். வேனைப் பார்த்ததும் எழுந்தார்; எழுந்திருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டவர் மாதிரி மறுபடி உட்கார்ந்தார்.

“அண்ணே” என்றான் நிதானம். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒன்றும் வரவில்லை. “ஒயரு. ஹீட்டர் போடறப்ப நான் வெட்டின கிளிப்பு. உன் மேல ஒண்ணும் இல்லண்ணே. நீ வெச்சிருந்தது நல்லா இருந்துச்சாம். அந்தம்மா பாத்துட்டுச் சொன்னாங்க. நாலு பேர் முன்னாடி உன்னை அப்படிச் சொன்னேன். அந்த நாலு பேரையும் கூப்பிடுண்ணே, இதையும் சொல்றேன்.”

அண்ணன் உளியைப் பக்கத்தில் வைத்தார். “ஞாயித்துக்கிழமை ஆளுக்கு எங்கடா போறது?” என்றார். பிறகு குரல் இறங்கியது. “நிஜமா என் மேல ஒண்ணும் இல்லையா?”

“இல்லண்ணே.”

“மூணு மாசமா யோசிக்கிறேன்டா. எதையாவது கவனிக்காம உன்கிட்ட குடுத்துட்டேனோன்னு. அதான் அன்னைக்கு வாயே வரல. இல்லேன்னு அடிச்சுச் சொல்ல எனக்குத் தெரியலையே.”

உள்ளேயிருந்து வந்த அண்ணி ஈரக்கையை முந்தானையில் துடைத்தார். “யோசிச்சதோட விட்டாரா? செவ்வா, வியாழன், சனி, விடிஞ்சதும் லாரியை எடுத்துட்டு மேட்டுக்குக் கீழ போய் நிப்பார். பின்னாடி கயிறு வேற. கேட்டா மரம் பாக்கப் போறேம்பார். எந்த ஊர்ல ஆறரை மணிக்கு மரம் விக்கிறாங்க?”

“போன வியாழக்கிழமை நாங்க நாப்பது நிமிஷம்...” என்று ஆரம்பித்த நிதானம் நிறுத்தினான்.

“அன்னைக்கும் கீழதான் இருந்தேன்” என்றார் அண்ணன். “கயிறை எடுத்துட்டுப் பாதி தூரம் ஏறிட்டேன். நீ என்னைப் பாத்து இன்னும் கோவப்பட்டா, உள்ள இருக்கிறவங்க பயப்படுவாங்களேன்னு நின்னுட்டேன். நின்னிருக்கக் கூடாது. அந்த டெய்லர் எப்படி இருக்கார்?”

நிதானம் அண்ணனுக்குப் பக்கத்தில் மரத்தூள் மேலேயே உட்கார்ந்தான். அண்ணன் அவன் தலையில் ஒட்டியிருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் தன் துண்டால் துடைக்க ஆரம்பித்தார். நாற்பத்திரண்டு வயது ஆளுக்குத் தலை துடைப்பதைப் பார்த்து ஓரகத்திகள் இருவரும் உள்ளே போய்விட்டார்கள்.

“நல்லா இருக்கார் மாமா, டெய்லர்” என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் கேட்டது. “அவர்தான் வழி சொன்னார்.”

செவ்வாய்க்கிழமை அண்ணனும் வேனில் ஏறினார். முன்சீட்டில் அவரை உட்கார வைத்துவிட்டு மனைவி பின்னால் போனாள். வானம் கழுவி விட்ட மாதிரி இருந்தது. ஏழு பேரும் வந்திருந்தார்கள். நிதானம் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொல்லிவிட்டு நின்றுபோனால் என்ன செய்வது?

மேடு வந்தது. இரண்டாவது கியர். வண்டி ஒரு முக்கு முக்கியது. உள்ளே ஊசி விழுந்தால் கேட்கும். பாதி ஏற்றம். வழக்கமாக நிற்கிற மின்கம்பம் வந்தது. மெல்லப் பின்னால் போனது. அதற்கடுத்த வளைவும் போனது. விளக்கு எரியவில்லை. சமதரைக்கு வந்து மூன்றாவது கியர் விழுந்தபோது அண்ணன் குனிந்து தன் வலது முட்டியைப் பிடித்துவிட்டுக்கொண்டார்.

“என்னண்ணே?”

“மிதிச்சு மிதிச்சு கால் பிடிச்சுக்கிச்சுடா.”

“உங்க பக்கம் பெடலே இல்லையே மாமா” என்றாள் பின்னாலிருந்து நிதானத்தின் மனைவி.

“எங்க பக்கம் மட்டும் இருக்கா?” என்றார் கணக்கு டீச்சர். “ஏழு பேரும்தான் மிதிச்சுட்டு வந்தோம். மூணு மாசமா மிதிக்கிறோம். இன்னைக்குத்தான் வண்டி கேட்டுச்சு.”

டெய்லர் சிரிக்க ஆரம்பித்து இருமலில் முடித்தார். அவர் முதுகைத் தடவிக்கொண்டே அவளும் சிரித்தாள். நிதானத்துக்குக் கண்ணாடியில் யார் முகமும் சரியாகத் தெரியவில்லை. கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் மெதுவாக ஓட்டினான்.

அப்படி ஓட்டியும் பதினைந்து நிமிஷம் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிஷின் வார்டின் கதவு இன்னும் திறக்கவில்லை. ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு இறங்கி, சுவரோரம் விழுந்த இளவெயிலில் வரிசையாக நின்றார்கள். சாவிக்கொத்தோடு வந்த நர்ஸ் பத்துப் பேரையும் பார்த்துத் திகைத்துவிட்டு, “ஐயோ, ரொம்ப நேரமா நிக்கிறீங்களா?” என்றார்.

“ஆமாம் சிஸ்டர்” என்றார் டெய்லர் பெருமையாக. “ரொம்ப நேரமா.”